பெயர் சொல்லாத விறகு

“அந்த ஆளு பேருக்கு ஒரு சுள்ளிகூடக் கிடையாது. வெறைச்சுக் கெடக்கட்டும்!”

கோஹர் பானு இப்படிக் கத்தியது பதினோரு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன தன் புருஷன் பெமானைப் பற்றி. வாசலில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டது பெமானின் தங்கை ஃபரங்கீஸ். அவளுக்குப் பின்னால், பாதிச் சுமை ஏற்றிய கழுதையோடு நாம்தார் நின்றான். எங்கள் பஹ்ராமாபாத் நெருப்புக் கோவிலின் வெளிக்காரியங்களையெல்லாம் பார்க்கிறவன் அவன்தான். சதே பண்டிகை வந்தால் வீடு வீடாகப் போய் விறகு வாங்குவதும் அவன்தான்.

“செத்தவங்களைத் திட்டாத அண்ணி. நாக்கு அழுகிப்போயிடும்.”

“அழுகட்டும்டி. ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கிட்டுத் திரிய உனக்கு நல்லா நேரம் போகும்.”

நாம்தார் மெல்லக் கனைத்தான். “அக்கா, சண்டை எதுக்கு? ஒரே ஒரு கட்டை. ஒரு வாட்டி பேரைச் சொல்லிடுங்க, முடிஞ்சது.”

“நீ வாயை மூடு. உன் மீசையை வெட்டினாலே ஒரு சுமை தேறும். அதைக் கொண்டுபோய் எரி.”

கதவு அறைந்து சாத்தப்பட்டது. கழுதை மிரண்டு இரண்டடி பின்னால் போனது. ஃபரங்கீஸ் தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். வருடா வருடம் நடக்கிற கூத்துதான் இது. ஆனாலும் வருடா வருடம் அவள் வந்து கேட்பாள்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. புது வருடத்துக்கு ஐம்பது பகலும் ஐம்பது இரவும் பாக்கி இருக்கும்போது வருவது சதே. வருடத்திலேயே நீளமான இரவில் தொடங்கும் ‘பெரிய நாற்பது’ என்கிற நாற்பது நாள் குளிர் அன்றோடு முடியும். அடுத்த நாள் சின்ன நாற்பது பிறக்கும். இரண்டும் கைமாறுகிற அந்த நாட்களில்தான் குளிர் எலும்புக்குள் இறங்கும். அன்று பொழுது சாயும்போது ஊருக்கு வெளியே களத்தில் விறகைக் குவித்து, கோவில் நெருப்பிலிருந்து சுடர் கொண்டுவந்து மூட்டுவார்கள். ஒவ்வொரு வீட்டு விறகும் அந்த வீட்டில் இறந்தவர்கள் பெயரில் வருவது. அது நெருப்பில் ஏறும்போது வீட்டுக்காரர் இறந்தவர் பெயரைக் கூவுவார். ஊரே சேர்ந்து, “ஒளியில இருக்கட்டும்!” என்று சொல்லும். அன்றைக்கு இறந்தவர்கள் வந்து குளிர்காய்ந்துவிட்டுப் போவார்கள். வந்தார்களா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நெருப்பைச் சுற்றி நிற்கும்போது ஆளுக்கு ஆள் நடுவில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் நிற்போம்.

இதில் எங்கள் ஊருக்கென்று இரண்டு வழக்கம். உயிர் எந்த வீட்டிலிருந்து போனதோ அந்த வீட்டு விறகுதான் ஏறவேண்டும். அடுத்தது, கடைசியாகப் போனவர் பெயரை முதலில் கூப்பிடவேண்டும். அவர்தான் வாசலை ஒட்டி நிற்கிறவர்; அவரைக் கூப்பிடாமல் அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் உள்ளே வரமுடியாது. மொபெத்துகள், அதாவது எங்கள் குருக்கள், ஓதும் புத்தகத்தில் இதெல்லாம் கிடையாது. யார் வைத்த சட்டம் என்று கேட்டால் எவனுக்கும் தெரியாது. மீறத்தான் எவனுக்கும் துணிச்சல் இல்லை.

கோஹர் வீட்டில் கடைசியாகப் போனது பெமான். அவனுக்குப் பின்னால் நிற்பது லால். கோஹரின் மகள். ஆறு வயதில் போனவள்.

பெமானைக் கூப்பிடாவிட்டால் லாலும் வெளியில்தான். அது கோஹருக்குத் தெரியாமல் இல்லை.

பதினைந்து வயதில் அவளைப் பெமானுக்குக் கட்டிவைத்தார்கள். ஆரம்பத்தில் நல்லவன்தான். நீளமான இரவன்று ஊரெல்லாம் கொர்சியின் கீழ் கால் நீட்டி, அதாவது தணல்சட்டி வைத்த குட்டை மேசையைச் சுற்றி ஒரே போர்வைக்குள் அடைந்து, மாதுளை உரித்துக்கொண்டிருக்கும். இவன் மட்டும் முத்து முத்தாக உதிர்த்து, வெள்ளைத் தோல் ஒன்றுகூட இல்லாமல் கிண்ணத்தில் போட்டு அவள் கையில் கொடுப்பான். அந்த மாதிரி ஆள். லாலுக்கு மூன்று வயதானபோது பம்பாயில் சொந்தக்காரர் ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார், ஆள் கேட்கிறார் என்று புறப்பட்டான். “ரெண்டே வருஷம், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துடுவேன்” என்றான். கண்ணை மூடியது அவன்தான். திறக்கப் பத்தொன்பது வருடம் ஆயிற்று.

அவன் போன மூன்றாம் வருடம் லாலுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டு காய்ச்சல் வந்தது. நாலே நாள். கோஹர் பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுக்குப் போய், அழாமல் உட்கார்ந்து, வரிவரியாகச் சொல்லி எழுத வைத்தாள். அவளே பக்கத்து டவுனான தஃப்த் வரை நடந்துபோய்த் தபாலில் போட்டாள். இரண்டு மாதம் கழித்துப் பம்பாயிலிருந்து பணமும் ஒரு காகிதமும் வந்தன. வாத்தியார் படித்துக் காட்டினார். எல்லோரும் சுகமா, இங்கே மழை, அடுத்த முறை யாராவது வந்தால் நம் ஊர் உலர்ந்த சர்க்கரைப் பாதாமிப் பழம் கொடுத்தனுப்பு. அவ்வளவுதான் இருந்தது.

“இன்னொரு தடவை படிங்க” என்றாள் கோஹர். வாத்தியார் படித்தார். அதே பழம்தான்.

அதற்குப்பின் அவள் கடிதம் எழுதச் சொல்லவில்லை. பணம் வருவதும் மெல்ல நின்றது. அங்கே வேறு ஒருத்தி இருப்பதாகப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். கோஹர் கழுதை ஒன்று வாங்கி ஷீர்கூ மலைச் சரிவில் விறகு எடுக்கப் போனாள். பட்ட மரத்தை மட்டும்தான் தொடுவாள். காட்டு வாதுமையின் செத்த வேர், ஒட்டக முள், காய்ந்த புதர் எல்லாம் தஃப்த் ரொட்டிக்கடைகளுக்குப் போகும். ஆண்கள் போகப் பயப்படும் பள்ளத்தில் இறங்குவாள். கட்டையை விரலால் தட்டிக் காதருகே வைத்தாளென்றால், அது எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவாள். தோளில் கயிறு அழுத்திய தடம் கருத்துப்போய் நிரந்தரமாக நின்றுவிட்டது. யாராவது பரிதாபப்பட்டால், “உன் தோள்ல சதையிருக்கு, என் தோள்ல சோறிருக்கு, போ” என்பாள்.

ஒருநாள் சாயங்காலம் மலையிலிருந்து வந்து பார்த்தால், முற்றத்தில் ஒரு தகரப்பெட்டி. அதன்மேல் பெமான் உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகிவிட்டிருந்தான். இருமல் பிடித்துக் குலுக்கியது. அவளைப் பார்த்தான், கழுதையைப் பார்த்தான், வீட்டு வாசலைப் பார்த்தான்.

“லால் எங்க? இப்ப பெரிய பொண்ணா இருப்பாளே. கட்டிக் கொடுத்துட்டியா?”

கோஹர் சுமையை இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அந்தக் கடிதம் வரவேயில்லை என்றான். நெருப்பின்மேல் சத்தியம் செய்தான். முன்னால் போட்டது போய்ச் சேர்ந்திருக்கிறது, மற்றவர்கள் போட்டதெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது, அந்த ஒன்று மட்டும் எங்கே போனது? அவன் சொன்னது நிஜமா பொய்யா என்று கோஹருக்கு அன்றும் தெரியவில்லை. கடைசிவரை தெரியவும் இல்லை. ஆறு வாரம் மலமூத்திரம் எடுத்துப் பார்த்துக்கொண்டாள். ஆறாவது வாரக் கடைசியில் அவன் போய்ச் சேர்ந்தான். மூன்றாம் நாள், நாலாம் நாள் விடியல், பத்து, மாதம், வருடம் என்று ஒன்று விடாமல் சடங்கு செய்தாள். எண்ணெயில் ரொட்டி பொரித்து அந்த வாசனையை அவனுக்கென்று விட்டாள். ஊர் வாய்க்கு அது போதும்.

விறகு மட்டும் தரமாட்டேன் என்றாள். விறகு என்றால் அவள் முதுகு. பத்தொன்பது வருடம் அவன் இல்லாமல் வளைந்த முதுகு. அதை அவன் குளிர்காயக் கொடுக்க மனம் வரவில்லை.

அவன் படுத்திருந்த அறையைக் கழுவி, தரையிலிருந்து கூரைவரை கட்டையை அடுக்கினாள். எங்கள் ஊரில் விறகுக்குக் கூரை போடுகிறவர் யாரும் கிடையாது. மழை என்று ஒன்று வந்தால்தானே? எல்லார் வீட்டிலும் முற்றத்தில்தான் கிடக்கும். கோஹர் வீட்டில்தான் விறகுக்குத் தனி அறை. ஊர் சிரித்தது. “புருஷனை விட விறகுக்கு மரியாதை” என்றார்கள். “புருஷன் எரியமாட்டான், புகைவான்” என்று அவள் திருப்பிக் கொடுத்தாள்.

சதே அன்று அவள் களத்துக்குப் போகமாட்டாள். தன் வீட்டு மொட்டைமாடியில் நின்று பார்ப்பாள். அதில் அவள் யாருக்கும் சொல்லாத ஒரு கணக்கு இருந்தது. நெருப்பு உயர எழுந்தால் அதன் சிவப்பு அந்த மாடிவரை வந்து விழும். சுவரெல்லாம் சிவக்கும். லால் நடை பழகியது அந்த மாடியில்தான். பெயரைக் கூப்பிடாவிட்டால் என்ன, வெளிச்சம் இங்கே வருகிறதே, பெண்ணுக்கு அது போதும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பதினோரு சதேயை ஓட்டிவிட்டாள்.

பன்னிரண்டாவதுதான் இந்தச் சண்டை நடந்த வருடம்.

சண்டை நடந்த மறுநாள் விறகுக் குவியலின்மேல் ஒரு புறா செத்துக் கிடந்தது. செத்த உடல் பட்டது நெருப்புக்கு ஆகாது. புறா கிடந்த கட்டைகளை எடுத்து ஒதுக்கிவிட்டால் விஷயம் முடிந்தது. நாம்தாருக்குப் பக்தி கொஞ்சம் அதிகம். புறா வேறெங்கும் காலை வைத்திருந்தால்? சிறகு உதிர்ந்து உள்ளே விழுந்திருந்தால்? யாரையும் கேட்கவில்லை. கால்வாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் மொண்டுவந்து குவியல் முழுவதையும் குளிப்பாட்டிவிட்டான். எங்கள் வெயிலில் ஈரத்துணி வாளியை விட்டு எடுப்பதற்குள் காய்ந்துவிடும். பண்டிகைக்கு முழுசாக இரண்டு நாள் இருக்கிறது. போதாதா?

அன்றே மேகம் வந்தது. மறுநாள் காலை கதவைத் திறந்தால் ஊரைக் காணவில்லை. பனி. முழங்கால் அளவு. பத்து வருடத்துக்கு ஒருமுறை விழுகிற பனி, விழ நாள் பார்த்து விழுந்திருந்தது. குவியலில் இருந்த ஒவ்வொரு கட்டையும் தண்ணீர் குடித்து, அந்தத் தண்ணீர் உறைந்து, கண்ணாடி உறை போட்டாற்போல் நின்றது. முற்றத்து விறகெல்லாம் பனிக்குள்.

சதே அன்று மதியம் யஸ்த் நகரத்திலிருந்து மொபெத் வந்து சேர்ந்தார். வயதானவர், வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி, பனியில் தாடி மட்டும் நடந்து வருவதுபோல் இருந்தது. குவியலைச் சுற்றிவந்தார். ஒரு கட்டையைத் தொட்டார். ஐஸ்.

“எந்தப் புண்ணியவான்டா விறகைக் குளிப்பாட்டினது?”

நாம்தார் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தான்.

“சுத்தமா இருக்கட்டும்னுதான் ஐயா...”

“ஈர விறகை நெருப்புக்குக் கொடுக்கிறது பாவம்னு உங்கப்பன் உனக்குச் சொல்லித்தரலையா? சின்னப் பாவத்துக்குப் பயந்து பெரிய பாவத்துல குதிச்சிருக்கே.”

மண்ணெண்ணெய் ஊற்றலாமா என்று யாரோ கேட்டார்கள். மொபெத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே அவன் கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டான்.

ஊருக்கே தெரியும், காய்ந்த விறகு ஒரே ஒரு அறையில்தான் இருக்கிறது என்று. நாம்தார் பனியில் விழுந்து எழுந்து வந்து கதவைத் தட்டினான்.

“அக்கா, தப்பு என்னுது. என்னை நாலு அறை அறைஞ்சுக்கோங்க. விறகு கொடுங்க.”

கோஹர் அவனை ஏறஇறங்கப் பார்த்தாள். அந்த அறையில் இருப்பதுதான் அவளுக்கு மிச்சக் குளிர்காலம் முழுவதும். ரொட்டிக்கடைக்குப் போகவேண்டியதும் அதுதான். பனி மூடிய மலையில் இனி ஒரு மாதத்துக்கு ஒரு வேர் தேறாது.

“எடுத்துக்கோ” என்றாள். “பேரு கிடையாது.”

நாம்தார் அழுதேவிட்டான். “பேரில்லாத விறகு சதேல ஏறாதுக்கா. அது அடுப்பு விறகு.”

“அப்ப அடுப்புல போய் வை.”

“உங்களுக்குன்னு யாருமே இல்லையா கூப்பிட? அந்தக் குழந்தை...”

“போடா!”

அவன் போனான். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

பொழுது சாயத் தொடங்கியதும் மாடிக்கு ஏறினாள். ஊர் முழுக்கக் களத்தில் நின்றது. பச்சையும் சிவப்புமான பெண்களின் உடைகள் பனியில் கொட்டிய மாதுளை முத்துக்கள்போல் தெரிந்தன. கோவிலிலிருந்து சுடர் வந்தது. மொபெத் ஓதத் தொடங்கினார். மூன்று முறை சுற்றினார்கள். சுடரைக் குவியலில் வைத்தார்கள்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். மாடிவரை கேட்டது. கறுத்த புகை தரையோடு ஊர்ந்தது. சுடர் அணைந்தது.

நெருப்பு அணைவதைப் பார்க்கும்போது எங்கள் ஜனங்களுக்கு வருகிற பயம் வேறு எதற்கும் வராது. மறுபடி கோவிலுக்கு ஓடி இன்னொரு சுடர் கொண்டுவந்தார்கள். அதுவும் சீறி அடங்கியது. எங்கோ ஒரு பெண் விசும்பினாள். மேற்கே ஷீர்கூ மலைக்குப் பின்னால் சூரியன் முழுதாக இறங்கிவிட்டது.

கோஹர் சுவரைப் பார்த்தாள். வருடா வருடம் சிவக்கிற சுவர். சாம்பல் நிறமாக நின்றது. பிறகு கறுத்தது. எதிரே கை நீட்டினால் கை தெரியவில்லை. பதினோரு வருடமாக அவள் ஒப்பேற்றி வந்த சமாதானம் அந்த இருட்டில் அப்படியே காணாமல் போயிற்று. பெண்ணுக்கு இங்கே ஒன்றுமே இல்லை. இருந்ததும் ஊரார் வைத்த நெருப்பிலிருந்து களவாடிக்கொண்ட வெளிச்சம்தான். வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது பெமான் என்று இத்தனை காலம் நினைத்தாள். அவனை அங்கே நிறுத்தி வைத்தது யார்?

படியில் வழுக்கி, சுவரைப் பிடித்து, எப்படியோ கீழே வந்தாள். அறைக் கதவை உதைத்துத் திறந்தாள். தெருவில் நின்று கத்தினாள்:

“டேய் நாம்தார்! கழுதை வேணாம்டா, ஆளுங்களைக் கூட்டிட்டு வா! எல்லாரையும்!”

முதலில் ஓடிவந்தது ஃபரங்கீஸ். மூச்சு வாங்கியது.

“அண்ணி, பேரு...”

“தூக்குடி முதல்ல. பேரு கனமாவா இருக்கு? கட்டைதான் கனம்.”

அறையிலிருந்து களம்வரை ஆள் வரிசை நின்றது. கட்டை கைமாறிக் கைமாறிப் போனது. பதினோரு வருடம் அடுக்கிய சுவர் ஒரு நாழிகையில் கரைந்தது. அறையின் பின்சுவர் தெரிந்தபோது அங்கே பெமான் கோட்டு மாட்டுகிற ஆணி துருப்பிடித்து நின்றுகொண்டிருந்தது. கோஹர் அதைப் பார்த்துவிட்டு, கடைசிக் கட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

களத்தில் அவள் யாரையும் அடுக்க விடவில்லை. காற்று வரும் பக்கம் ஈரக் குவியலைக் குடைந்து ஒரு பொந்து செய்யச் சொன்னாள். அடியில் ஒட்டக முள், அதன்மேல் விரல் பருமன் சுள்ளி, அப்புறம் எண்ணெய் ஊறிய வாதுமை வேர்கள், மூச்சு விட இடைவெளி விட்டு.

“சீக்கிரம்மா, சூரியன் போயிடுச்சு” என்றார் மொபெத்.

“போனா நாளைக்கு வரும் ஐயா. நெருப்பு மூணாவது தடவை அணைஞ்சா என்ன செய்வீங்க? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்தை மறைக்கிறீங்க.”

மொபெத் தள்ளி நின்றார்.

மூன்றாவது சுடர் வந்தது. கோஹர் ஒரு வாதுமை வேரைக் கையில் எடுத்தாள். ஊர் காத்திருந்தது. அவள் வாயைத் திறந்தாள். பதினோரு வருடம் சொல்லாத பெயர். பல்லுக்குப் பின்னால் துருப்பிடித்துப்போயிருந்தது. ஃபரங்கீஸ் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“பெமான்!”

குரல் பிசிறடித்தது. இன்னும் உரக்கக் கத்தினாள்.

“பெமான்! வழியை விட்டு நில்லு. பொண்ணு உள்ள வரட்டும்!”

வேரை வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

“லால்! வாடி கண்ணு. இங்க வா.”

“ஒளியில இருக்கட்டும்!” என்றது ஊர்.

முள் பிடித்தது. சரசரவென்று ஏதோ அவசர வேலையாக ஓடுவதுபோல் தீ உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பொந்துக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது. பெரிய விலங்கொன்று தூக்கத்திலிருந்து எழுந்து நெஞ்சை நிமிர்த்தினாற்போல். வாதுமை எண்ணெய் வாசனை எழுந்தது. சுற்றியிருந்த ஐஸ் உறைகள் படபடவென்று வெடித்தன. ஈரக் கட்டைகளிலிருந்து ஆவி வெள்ளை வெளேரென்று கிளம்பி, தூணாகத் திரண்டு நேரே மேலே போனது. அந்த ஆவித் தூணுக்குள்ளேயே நெருப்பு ஏறியது. வெள்ளைக்குள் சிவப்பு. எங்களில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. காய்ந்த விறகில் எரிகிற சதே மஞ்சளாக எரியும். இது தண்ணீரும் நெருப்பும் கைகோத்துக்கொண்டு வானத்துக்குப் போவதுபோல் இருந்தது.

கோவில் வாசல் சைப்ரஸ் மரத்தைவிட உயரமாகப் போயிற்று. காலடியில் பனி உருகி வட்டமாகக் கறுப்பு மண் தெரிந்தது. அந்த வட்டம் பார்க்கப் பார்க்க விரிந்தது. எல்லோரும் ஒரு அடி, இன்னொரு அடி பின்வாங்கினார்கள். ஷீர்கூ மலையின் பனி முழுவதும் சிவந்து நின்றது. பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து முஸ்லிம் ஊரிலும் மாடி மாடியாக ஆட்கள் ஏறி நின்று பார்ப்பது தெரிந்தது. மொபெத் ஓதிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அறுபது வருடமாக ஓதுகிறவர். வாய் திறந்தபடி, தாடியில் நெருப்பின் நிறம் ஓட, குழந்தைபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஞாபகம் வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

குவியலில் அந்தந்த வீட்டு விறகு பிடிக்கப் பிடிக்க, அந்தந்த வீட்டுக்காரர்கள் இறந்தவர் பெயரைக் கூவினார்கள். பெயர், பதில், பெயர், பதில். கோஹர் மாமனார் பெயரையும் மாமியார் பெயரையும் சொன்னாள். மாமியாருக்கும் அவளுக்கும் ஆகாது. அதையும் சொன்னாள்.

எல்லாம் முடிந்து எல்லோரும் சும்மா நின்றார்கள். வழக்கம்போல் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு. கோஹரின் வலப்பக்கம் இடுப்பு உயரத்துக்கு இடம் காலியாக இருந்தது. அங்கே ஒருவரும் வந்து நிற்கவில்லை. அவள் கையைக் கீழே தொங்கவிட்டிருந்தாள். உள்ளங்கை நெருப்பின் சூட்டில் கனிந்து சிவந்திருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கையை வெகுநேரம் அசைக்கவும் இல்லை.

காலையில் பெண்கள் சட்டியோடு வந்து தணல் எடுத்துப் போனார்கள். ஃபரங்கீஸ் கோஹர் பக்கத்தில் குந்தி, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அண்ணனை மன்னிச்சிட்டியா அண்ணி?”

“வழியை விடச் சொன்னேன். அவ்வளவுதான். தணலை அள்ளு, கதை கேக்காதே.”

கோஹர் தணல் கொண்டுபோய்க் கொர்சியின் கீழ் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது, ஒரு நாளைக்கு. சின்ன நாற்பது பெரிய நாற்பதுக்குக் கடன்பட்டதுபோல் இருக்கிற குளிரையெல்லாம் கொட்டியது. வீட்டில் ஒரு குச்சி இல்லை. நாம்தார் தன் வீட்டு ஈர விறகைக் கொண்டுவந்தான். புகைந்து கண்ணைக் கரித்தது. அவனைத் திட்டி அனுப்பினாள். ஃபரங்கீஸ் தன் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளச் சொன்னாள். “உன் குறட்டைக்குக் குளிரே தேவலை” என்றாள் கோஹர்.

ஐந்தாம் நாள் கழுதையை ஓட்டிக்கொண்டு தஃப்த் சந்தைக்குப் போனாள். விறகுக்காரன் அவளைப் பார்த்ததும் வழக்கம்போல் இடம் ஒதுக்கினான்.

“இறக்குங்க அக்கா. எத்தனை சுமை?”

“இறக்க வரலைடா. ஏத்த வந்திருக்கேன்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினான். “நீங்க விறகு வாங்குறதா? நாளைக்குக் கிணத்துக்காரன் தண்ணி வாங்க வருவான்.”

“உனக்குக் கொடுக்க மனசில்லைன்னா சொல்லு. எதிர்க் கடைக்குப் போறேன்.”

கட்டை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தட்டிக் காதருகே வைத்துப் பார்த்தாள். பாதியைத் தூக்கி எறிந்தாள். அவன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வாழ்நாளில் அவள் முதன்முதலாக விலைக்கு வாங்கிய விறகு அது. ஒரு கழுதைச் சுமை, ஆறு தூமான் ஐந்து ரியால்.